மேனேஜர் படுத்த மெத்தை

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது மகள்தான். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. ஆனால் யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். "மேனேஜர் முறைக்குதும்மா, சீக்கிரம் பாத்திரத்தைக் கழுவு" என்று அவள் அம்மாவைச் சீண்டுவாள். இரவில் அவள் காலடியில்தான் அது தூங்கும்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டுக்கு அவள் செருப்பு மட்டும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அம்மா அந்த அறையில் எதையும் தொடவிடவில்லை. கசங்கிய விரிப்பு, சுருட்டி எறிந்த போர்வை, தலையணையில் விழுந்த குழி, எல்லாம் அப்படியே கிடந்தன. கூட்டக்கூட விடவில்லை. பூனை நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் உள்ளே போய், பூனைக்குப் பக்கத்தில் தலையணையில் முகம் புதைத்துக் கொஞ்ச நேரம் படுப்பாள். அப்பா லிப்ட் மெக்கானிக். அவர் அந்த அறைப் பக்கம் போவதே இல்லை. ஹாலில் டிவியைப் போட்டுக்கொண்டு, பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

மாதங்கள் போயின. பூனை ஓயாமல் சொறிந்துகொண்டது. வால் ஆரம்பிக்கும் இடத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து தெரிந்தது. அப்பாவின் கணுக்காலிலும் வரிசையாகத் தடிப்புகள். ஒருநாள் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்.

"கூட வேலை பாக்கறவன் குடுத்தான். அவன் நாய்க்குப் போடறதாம். ரெண்டு சொட்டு விட்டா பூச்சியெல்லாம் போயிடுமாம்."

"வேண்டாங்க. அவ பூனை அது. டாக்டரைக் கேக்காம எதையும் போடாதீங்க."

மறுநாள் பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனார்கள். அப்பா நீட்டிய குப்பியைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"நல்லவேளை, போடாம வந்தீங்க. நாய்க்குப் போடற இந்த மருந்து பூனைக்கு விஷம். வலிப்பு வந்து செத்தே போயிடும்."

அப்பா குப்பியைத் திருப்பி வாங்கி அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

டாக்டரம்மா பல் நெருங்கிய சீப்பால் பூனையின் முதுகை வாரி, உதிர்ந்த கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் தட்டினார். பஞ்சில் செம்பழுப்பாகக் கறை படர்ந்தது.

"மண்ணுன்னு நினைச்சீங்களா? தெள்ளுப்பூச்சியோட கழிவு. அத்தனையும் இதோட ரத்தம்." பூனையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தது. "மாசா மாசம் பிடரியில இந்த மருந்தை விடுங்க, நாக்கு எட்டாத இடத்துல. ஆனா பூனைக்கு மட்டும் மருந்து போட்டாப் பத்தாது. முட்டையெல்லாம் அது படுக்கற இடத்துலதான் உதிரும். எங்க படுக்கும்?"

"கட்டில்லதான்" என்றாள் அம்மா.

"விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில துவைக்கணும். மெத்தையை வெயில்ல போடுங்க. கட்டிலுக்கு அடியில, மூலை முடுக்கெல்லாம் சுத்தம் பண்ணுங்க."

"அந்த ரூமை மட்டும் விட்டுடலாமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"அதை விட்டா மத்ததைப் பண்ணி என்ன பிரயோஜனம்?"

"அது எங்க பொண்ணோட ரூம்" என்றார் அப்பா. "இப்ப அவ இல்ல."

டாக்டரம்மா சீப்பைக் கீழே வைத்தார். பூனையின் தலையைத் தடவினார். "உங்களுக்குக் கஷ்டம்தாம்மா" என்றார். "ஆனா இதுக்கு ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. இன்னும் கொஞ்ச நாள் கடி வாங்கினா தாங்காது."

மருந்தை விட்டார்கள். அறையை அம்மா தொடவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை. வார்த்தை வந்தால் வீடு உடைந்துவிடும் என்று பயந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் கட்டிலில் ஏறப் பார்த்தது. தாவியது, பாதியில் நகம் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி தாவியது. மறுபடி விழுந்தது. பிறகு கட்டில் காலில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. அறை வாசலில் நின்று பார்த்த அம்மா, சமையலறைக்குப் போய் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினாள்.

விரிப்பை அவளே உருவினாள். போர்வையை எடுத்தாள். தலையணை உறையைக் கழற்றியவள் அதைக் கீழே போடாமல் நின்றாள். முகத்தில் வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள்.

"குடு, நான் போடறேன்" என்றார் அப்பா.

"இல்லங்க. நானே போடறேன்."

கொதிநீரில் உறை அமிழ்ந்து, காற்றுக் குமிழியோடு ஒருமுறை மேலே வந்து, மறுபடி உள்ளே போனது. அவள் கரண்டிக் காம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆவியில் முகமெல்லாம் நனைந்திருந்தது.

அப்பா மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமந்து போனார். திரும்பி வந்து, மகள் போன பிறகு இத்தனை மாதம் எட்டிப் பார்க்காத அந்த அறையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் துடைத்தார். நான்கைந்து முடிகள் சிக்கிய ஒரு தலைமுடி ரப்பர் கையில் தட்டுப்பட்டது. அதைக் கழுவி, பர்ஸில் வைத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

பூனை தேறியது. ஈறு மெல்ல இளஞ்சிவப்பானது. வாலடியில் முடி பஞ்சு போல முளைத்தது. தாவ முடிந்த அன்று நேரே அந்த அறைக்குப் போய்க் கட்டிலில் ஏறியது. விரிப்பை முகர்ந்தது. தலையணையை முகர்ந்தது. கால்மாட்டுக்கு வந்து, சுற்றிச் சுற்றி முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து, யாரையோ கூப்பிடுவதுபோல நீளமாக ஒருதரம் கத்திவிட்டு இறங்கி வெளியே நடந்தது.

"அதுக்கும் தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியிலும் அழாத, எல்லாரும் வந்து கட்டிக்கொண்டபோதும் அழாத அந்த மனிதர், அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

மாதம் தவறாமல் பிடரியில் மருந்து விடுகிறார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் சொட்டுவிட. அறைக் கதவு இப்போது அகலத் திறந்தே கிடக்கிறது. மேனேஜர் உள்ளே போவதில்லை.