வால்வுக்கு வந்த நடுக்கம்

வோல்டேஜைக் கொடுத்தால் போர்டு அதற்கேற்ற கரண்டை வால்வுக்குத் தள்ள வேண்டும். கரண்டுக்குத் தக்கபடி வால்வு திறக்கும். இவ்வளவுதான் வேலை. இதை இரண்டே டிரான்சிஸ்டரில் முடிக்கிறேன் என்று அவள் வெகுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி கணவனுடையது. இன்று வாடிக்கையாளர் முன் சொதப்பினால் வெளியில் ரெடிமேட் போர்டு வாங்கிவிடுவேன் என்று காலையில் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகச் சொல்லிவிட்டான்.

வந்த வாடிக்கையாளர் தண்ணீர்க் குழாய்க்காரர். கையோடு தன் வால்வையும் தூக்கி வந்திருந்தார். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. இதுவரை சோதித்ததெல்லாம் வெறும் ரெசிஸ்டரை மாட்டித்தான். ரெசிஸ்டர் பரம சாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். வால்வுக்குள் இருப்பது காயில் என்னும் கம்பிச் சுருள். அதற்கு ரோஷம் அதிகம்.

சுவிட்சைப் போட்டதும் வால்வு கொசு மாதிரி ரீங்கரித்தது. மீட்டர் முள் ஆடியது. அவள் பதறி டிரான்சிஸ்டர் மேல் விரலை வைத்தாள். சத்தம் நின்றது. முள்ளும் நின்றது.

“கை எதுக்கும்மா?” என்றார் குழாய்க்காரர்.

“சூடு பாக்கறேன் சார்.”

டெஸ்டிங் பார்க்கும் நாத்தனார் காதருகே குனிந்தாள். “அண்ணி, உங்களையும் சேத்து பேக் பண்ணிடலாமா? அண்ணன் சந்தோஷப்படும்.”

“வாயை மூடுடி.”

“நல்லா நிக்குது. எடுத்துக்கலாம்,” என்றார் குழாய்க்காரர். கணவன் முகமெல்லாம் பல்.

அவள் விரலை எடுத்தாள். வால்வு ஊரைக் கூட்டியது.

“சார், விரல் வச்சாதான் ஒழுங்கா இருக்கு. அதுக்குப் பதிலா ஒரு கெபாசிட்டர் வைக்கணும். டீ குடிச்சிட்டு வாங்க.”

“இதை முன்னாடியே பாக்கக் கூடாதா?” கணவன் பல்லைக் கடித்தான்.

“முன்னாடி வால்வு எங்கேங்க இருந்துச்சு?”

நாத்தனார் டப்பாவைக் கிளறி ஒன்றை நீட்டினாள். சால்டர் செய்து பார்த்தார்கள். முனகல் மிச்சமிருந்தது. அவள் அதைப் பிடுங்கிவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றை வைத்தாள். சத்தம் அடங்கியது. ஆனால் வால்வு இப்போது சோம்பல் முறித்துக்கொண்டு மெல்லத் திறந்தது.

“என்னது, அசைஞ்சு அசைஞ்சு திறக்குது?” என்றான் கணவன்.

டீக் கோப்பையோடு திரும்பி வந்த குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். “திறக்கட்டும் விடுங்க. என்கிட்ட இருக்கற போர்டு வால்வைத் தடார்னு திறந்து குழாயை உடைக்குது. எனக்கு இந்த வேகம்தான் வேணும்.”

“அதுக்குத்தான் சார் அப்படியே டிசைன் பண்ணினோம்,” என்றாள் நாத்தனார், கூசாமல்.

அவள் நாத்தனாரின் காலை மிதித்தாள். “இல்ல சார். தானா அமைஞ்சது.”

“நான் வாங்கப்போற மத்த போர்டுலயும் தானா அமையுமா?” என்றார் அவர்.

“மத்ததுல தெரிஞ்சே வைப்பேன்.”

குழாய்க்காரர் சிரித்தார். கணவன் அவருக்கு இன்னொரு டீ சொல்ல ஓடினான்.