தலைவர் பேசிவிட்டார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் தலைவரிடம் சொல்ல வேண்டும். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் கூரைத் தகரம் ஓட்டையா, தலைவர். ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வேண்டுமா, தலைவர். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா பேரை வெட்டிவிட்டாரா, அதற்கும் தலைவர். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சின்னத்தம்பி, சந்தா பிடிக்கிற காலத்தில் மட்டும்தான் தானாக எங்கள் லயத்துப் பக்கம் வருவார். மற்ற நாட்களில் நாங்கள்தான் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். கடவுளுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம், கடவுளுக்குப் போன் கிடையாது.

அதனாலேயே படை அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வாசலுக்குப் போவதில்லை என்று வீம்பாக இருந்தேன். தேர்வானால் படிப்பு இலவசம், தங்க இடம், மாதாமாதம் சம்பளம், முடியும்போது பட்டமும் தோளில் நட்சத்திரமும். இதெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம். என் காரணம் வேறு. அப்பா, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் வேலை செய்கிறார். ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது, என் வயதுள்ள சின்ன தொரை, தோட்டத்து உதவி மேனேஜர், அவரை ‘டேய் செல்லசாமி’ என்று கூப்பிட்டதைக் கேட்டேன். அப்பா ‘தொரை’ என்று ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. நான் உள்ளே வந்தால் நாலு பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும், அப்பா என் பக்கத்தில் நிற்கும்போது அவருக்கும் சேர்த்து எழுந்து நிற்கட்டும் என்று நினைத்தேன்.

“தமிழ்ப் புள்ளைக்கு ஆமியில என்ன வேல?” என்று லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். எனக்குப் பதில் தெரியாததால் ஓடிப் பழகினேன். போன வருடம் ஓட்டத்தில் பின்தங்கித்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். விடிகிற நேரத்தில் டயகம ரோட்டில் மூச்சிரைக்க ஓடி வரும்போது, கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுகிற பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

“ஏ லோஜினி, எந்த நாயி வெரட்டுது?”

“வயசு வெரட்டுதுடி அவள,” என்று அவர்கள் நடுவிலிருந்து அம்மா பதில் சொல்வாள்.

விண்ணப்ப அறிவித்தலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். சிங்களத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசியில், சிபாரிசு தேடுகிறவர்கள் நிராகரிக்கப்படுவார்கள் என்று இருந்தது. அதை இரண்டு தடவை சொன்னேன்.

“அப்புடித்தான் போடுவாங்க,” என்றார் அப்பா. “டவுன்ல கடன் கெடையாதுன்னு போர்டு போடாத கட எது? யாருக்குக் குடுக்காம விட்டான்?”

“அப்பா, இது கடை இல்ல.”

“சரி புள்ள, சரி,” என்று சிரித்தார்.

எழுத்துப் பரீட்சையில் தேறினேன். ஓட்டத்தில் இந்தத் தடவை எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மார்பு, கண், பல் என்று எல்லாம் பார்த்து முடித்து, நேர்முகப் பரீட்சைக்குத் திகதி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க இரண்டு பொலிஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அம்மா கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்கள். வீட்டில் யாராவது எப்போதாவது கைதானதுண்டா என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

யுத்த காலத்தில், கல்யாணத்துக்கு முன்பு, அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். ஒரு சுற்றிவளைப்பில் கடைப் பையன்கள் எல்லோரையும் சந்தேகத்தின் பேரில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவரைச் சில மாதங்கள் அடைத்து வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். இது எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். பொலிஸ்காரர்கள் கேட்டதும் அப்பா எழுந்து நின்று, “ஒவ் மாத்தயா”, ஆமாம் ஐயா என்று ஒத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வழக்கு ஏதும் போட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியென்றால் பிரச்சினையில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை.

“பிரச்சினை இல்லன்னுதானேப்பா சொன்னாங்க,” என்றேன்.

“எங்ககிட்டயும் அப்புடித்தான் சொன்னாங்க, கூட்டிக்கிட்டுப் போறப்ப,” என்றார்.

நேர்முகப் பரீட்சை ரயிலேறிப் பட்டிப்பொல தாண்டிப் போக வேண்டிய ஒரு முகாமில் நடந்தது. அம்மா கூட வருகிறேன் என்றாள். அதிகாரியாகப் போகிறவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டுத் தனியாகப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலை நரைத்த ஒரு கேணல், ஒரு பக்கம் ஒரு பெண் மேஜர், மற்றப் பக்கம் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். பேச்சு சிங்களத்தில் நடந்தது. இவ்வளவு நன்றாகச் சிங்களம் எங்கே படித்தீர்கள் என்று கேணல் கேட்டார். தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் சாரி விற்றேன், அங்கே பேரம் பேசியே வந்துவிட்டது என்றேன். மேஜர் சிரித்தாள். ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். சின்ன தொரை கதையை அப்படியே சொன்னேன். கேணல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

“கடைசியாக ஒன்று,” என்றார் கேணல். “உங்களுக்காக யாரையாவது பேசச் சொன்னீர்களா?”

“இல்லை சேர். எனக்காகப் பேச யாரும் இல்லை.”

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. “நேற்று எனக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு அரசியல்வாதியின் செயலாளர். உங்கள் பெயர், உங்கள் தோட்டம், அப்பாவின் பெயர் எல்லாம் சொன்னார். எங்கள் பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.”

சின்னத்தம்பியின் வாசலும், அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அப்பாவும் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

“அப்பா யாரிடமாவது சொல்லியிருக்கலாம் சேர். எனக்குத் தெரியாது.”

“இப்போதுதான் யாரும் இல்லை என்றீர்கள்.”

“தெரியாமல் சொன்னேன் சேர். நான் பொய் சொல்லவில்லை.”

“இதோடு எனக்கு மூன்று பதில்கள் கிடைத்திருக்கின்றன,” என்றார். கோபமில்லாமல், வருத்தமாகத்தான் சொன்னார். “நீங்கள் போகலாம்.”

வெளியே மேஜர் என் பின்னால் வந்தாள். சிபாரிசு வந்தால் சும்மா விட முடியாது, அதுவும் இப்படி ஆன பிறகு முடியவே முடியாது என்றாள். நல்லாச் செய்தாய், அடுத்த வருடம் வா என்றாள். எனக்கு அடுத்த வருடம் கிடையாது என்றேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் அப்பாவைத் திட்டினேன், வாய்க்குள். நான் வீடு சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“தலைவரு பேசிட்டாரு புள்ள,” என்றார், நான் செருப்பைக் கழற்றுவதற்குள். “கொழும்புல நம்ம சங்கத்து எம்.பி.யோட செக்கிரட்டரிகிட்ட சொல்லி, அவரு ஆமிப் பெரியவருக்கே போன் போட்டாராம். உங்கிட்ட சொன்னாங்களா?”

“நான்தான் வேணாம்னு சொன்னேனேப்பா. ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனேனே.”

“பொலிசு வந்து போனதுலயிருந்து எனக்குத் தூக்கமில்ல. என் பேரு அங்க எங்கயாச்சும் கெடக்கும். என்னால உனக்குப் போயிரக் கூடாதுல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னைக்கு உள்ள இருந்தப்ப நான் எம்புட்டோ சொன்னேன், நான் ஒன்னும் செய்யலன்னு. அழுதும் பாத்தேன். ஒருத்தரும் காதுல வாங்கல. இந்தத் தலைவரு போயி சங்கத்துப் பெரியவருகிட்ட சொன்னாரு, அவரு ஒரு போன் போட்டாரு. அன்னைக்குச் சாயந்தரமே வெளிய விட்டாங்க. உள்ள எங்கூட இருந்த பயலுக எல்லாம் உண்மையத்தான் சொன்னானுங்க. பேச ஆளில்லாதவன் ஒருத்தனும் என்கூட வெளிய வரல புள்ள.”

எப்படி வெளியே வந்தார் என்பதை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் ஆத்திரம் அதற்காக அடங்கவில்லை.

“அந்தப் போன்லதான் போச்சு,” என்றேன். “எனக்குக் குடுக்க இருந்தாங்க. போன் வந்ததாலதான் இல்லன்னுட்டாங்க. பேச யாருமில்லன்னு நான் சொன்னது பொய்யின்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்க சும்மா இருந்திருந்தாக் கெடச்சிருக்கும்பா.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன். அவர் அழவில்லை.

“நீ பொய் சொல்லலன்னு அவங்ககிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“நம்பலயா?”

“நம்பல.”

அவருக்கு ஆச்சரியமே இல்லை. நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்டது போலத் தலையாட்டினார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய குளிர்க் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ சொன்னா எப்புடிப் புள்ள நம்புவாங்க? அதுக்கு ஆளு வேணும். என் மக பொய் சொல்லலன்னு ஒரு வார்த்த பேசச் சொல்லி, தலைவருகிட்ட சொல்லிட்டு வர்றேன்.”

அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். என்ன சொன்னால் நிற்பார் என்று தெரியவில்லை. அதற்குள் படியிறங்கிவிட்டார்.