சீமெந்துக்கு அடியில் செப்புத் தகடு

கந்தப்பளைக் கடைத்தெருவில் பாவாவின் மளிகைக் கடையில் மட்டும்தான் ரேடியோ பாடும். அந்தப் பெருமையை ஆறு வருஷமாகச் சுமந்தது அவருடைய மனைவி றுக்கையாவின் கழுத்து. கடைக்குப் பின்னால்தான் வீடு, கூரைமேல் மூங்கிலில் ஏரியல் கம்பி. வானம் கறுத்தால், உலையில் அரிசி கிடந்தாலும் அவள் ஓடிப்போய்ச் சுவரிலுள்ள சுவிட்சின் கைப்பிடியைக் கீழே தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் கம்பியில் விழுகிற மின்னல் ரேடியோவுக்குப் போகாமல் மண்ணுக்குள் போய்விடும். பாவா தள்ளமாட்டார். பாட்டை நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விடுவார்களாம்.

ரேடியோவை மாட்டிக்கொடுத்த சுந்தரலிங்கம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சுவிட்சிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பியின் அடிநுனியில் ஒரு செப்புத் தகடு இருக்கிறது, அதைப் புதைத்த மண் காயவே கூடாது. அதற்காகத்தான் தகட்டைக் கொல்லையில் ஒளுச் செய்யும் இடத்தில் புதைத்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீர் நாளுக்கு ஐந்து தடவை அங்கே விழும். பாவாவோ பள்ளிவாசலில் ஒளுச் செய்பவர். ஆக, மண்ணை நனைத்ததும் றுக்கையாதான்.

இறம்பொடையில் அவளுடைய தங்கை உம்மு குல்சும் நெஞ்சு நோயோடு படுத்து எட்டு மாதம். "ராத்தா, ஒரு கிழமை வந்து பக்கத்துல இருங்க" என்று மூன்று கடிதம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் கேட்டால், "நீ போனா சுவிட்ச யாரு பாக்குறது?" என்பார் பாவா. வெயில் காலத்தில் கேட்டால், "மண்ணு காஞ்சிருமே" என்பார். கேட்டுக் கேட்டு அலுத்து, அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

நோன்புப் பெருநாளுக்கு மகளின் மாமனார் வீட்டார் வருகிறார்கள் என்று, அவர்கள் காலில் சேறு படாதிருக்க, பாவா ஒளுச் செய்யும் இடத்துக்குச் சீமெந்து பூசினார். தண்ணீர் ஓட ஒரு கானும் வெட்டினார்.

"தகட்டுக்குத் தண்ணி எறங்குமாங்க?" என்று கேட்டாள் றுக்கையா.

"மேல இவ்வளவு ஊத்துற, கீழ எறங்காம எங்க போகப் போவுது? ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

ஊற்றிய தண்ணீர் அத்தனையும் கானில் போனது.

மூன்று வாரம் கழித்து, பின்னேரத்தில் அந்த வருஷத்தின் முதல் இடி உறுமியது. றுக்கையா ஓடினாள், கைப்பிடியைத் தள்ளினாள், அடுப்படிக்குத் திரும்பினாள். கண் கூசியது, காது அடைத்தது, கடைக்குள் ஏதோ வெடித்தது. ரேடியோவின் முதுகு பிளந்து கிடந்தது, சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

"சுவிட்ச போடாம எங்கடி போன?" நாலு பேர் முன்னால் பாவா கத்தினார்.

அவள் சுவிட்சைச் சுட்டிக்காட்டினாள். கைப்பிடி கீழேதான் இருந்தது. ஆறு வருஷ உழைப்புக்கு இந்தப் பேச்சுத்தானா என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது.

மறுநாள் சுந்தரலிங்கம் வந்து கடப்பாரையால் சீமெந்தைப் பெயர்த்தார். அடியில் மண் தேயிலைத் தூள்போல உதிர்ந்தது.

"முதலாளி, மண்ணுல ஈரமில்லாட்டி மின்னல் எங்க எறங்கும்? வீட்டுக்குள்ளதான் வரும். அவங்க மேல தப்பில்லைங்க."

பாவா தாடியைச் சொறிந்தார். "சரி, முழுசா ஒடைச்சிருவோம். அடுத்த மாசம் இன்னும் பெரிய ரேடியோவா வாங்கிருவோம். றுக்கையா பாத்துக்குவா."

றுக்கையா அதற்குள் துணிமூட்டையைக் கட்டிவிட்டிருந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இப்ப பாத்துக்க இங்க ஒண்ணுமில்லீங்க. நான் தங்கச்சிகிட்ட போறேன். புதுசு வந்தா, கைப்பிடி ஒங்க கைக்கும் எட்டும்."

பாவா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். நுவரெலியாவில் பஸ் மாறிக் கொஞ்ச தூரம் போனதும் இடி முழங்கியது. றுக்கையாவின் கை பழக்கத்தில் ஒருதரம் மேலே எழுந்தது, பிறகு மடியில் விழுந்தது. வழியெல்லாம் வானம் இடித்துக்கொண்டே வந்தது. இறம்பொடையில் கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுத்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.