கடைசி வீட்டுக் குழாய்

வாந்தி பேதி என்றதும் தெருவே கவுஸ் பாஷாவின் பிரியாணிக் கடையைத்தான் கை காட்டியது. நோய் கண்டவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வாங்கித் தின்றவர்கள். அது போதாதா? புதன்கிழமையே கடைக்குச் சீல் விழுந்தது. சுகாதார ஆய்வாளர் பிரேம்நாத்துக்கு அதில் ஒரு நிம்மதி. ஆம்பூரை ஒட்டிய அந்தத் தெருவின் குழாய்த் தண்ணீரைத் தினமும் சோதிப்பது அவர் வேலை.

வியாழக்கிழமை விசாரணைப் படிவங்களோடு வீடு வீடாகப் போனார். பத்தொன்பது பேருக்கு நோய். ஒருத்தி செத்தே போய்விட்டாள். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிய ஜீவா, இருபத்தாறு வயது. தெருக்கோடியில் கடைசி வீடு. அவள் புருஷன் ஆரோக்கியசாமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பிரேம்நாத்துக்குத் துக்கம் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்ட்டாங்களாப்பா?"

"இன்னா சார், தவக்காலம் நடக்குது. ஒரு மாசமா அவ கறியே தொடல."

பேனா நின்றது. தாள்களைப் புரட்டினார். நோய் கண்டவர்களில் பிரியாணி தின்றவர், தின்னாதவர் எல்லாருமே தெருக்கோடி வீட்டுக்காரர்கள். அதே பிரியாணியைத் தின்ற, தெரு தொடங்கும் முனை வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

உள்ளே போய்க் குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். நிறமே மாறவில்லை.

இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? கோடி வீட்டுப் பெண்கள் ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். எட்டு மணிக்கு இவர் வரும்போது வரிசையாகப் பூட்டு. பூட்டிய கதவைப் பார்க்க அவ்வளவு தூரம் நடப்பானேன் என்று, முனைக் குழாயில் பார்த்த அளவையே கடைசிக் குழாய்க்கும் எழுதி வந்தார். எட்டு மாதமாக. பெரிய சாமர்த்தியம்தான்.

"தண்ணி காய்ச்சித்தான குடிப்பீங்க?"

"முந்தி காய்ச்சுவா சார். காலைல நேரம் பத்தல. 'அதான் சார் தெனம் தெருவுக்கு வந்து பாத்து எழுதிட்டுப் போறாராமே, தண்ணி நல்லாத்தான் இருக்கும்'னு நிறுத்திட்டா."

பிரேம்நாத் அங்கேயே நின்று, கடைக்குச் சீல் வைக்கச் சொன்ன சுகாதார நிலைய டாக்டருக்கு ஃபோன் போட்டார். "கடை சீல எடுத்துடுங்க டாக்டர். தண்ணிதான். கடைசிக் குழாய நான் ஒரு நாள்கூட பாத்ததில்ல."

ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"அப்ப தெனம் இன்னாதான் சார் எழுதிட்டுப் போனீங்க?"