ஆள் இருந்தால் மூன்று

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் ஒரு லைன் வீட்டில், நண்பரின் நண்பர் என்ற உரிமையில், ஓர் இரவு தங்கினேன். (சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் ‘ஆண்டவரே’ என்பார்கள்.) காலையில் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு சுவரில் மூன்று முறை தட்டினார். அந்தப் பக்கமிருந்தும் மூன்று. பிறகுதான் தலையைத் துவட்டினார்.

என்னவென்று கேட்டேன். “சும்மா சார்” என்றார். சும்மா என்று சொன்னதைச் சும்மா விடும் நல்ல குணம் எனக்கில்லை. மீதியை நானே கட்டினேன்.

2

முதல் வரைவு: டைட்டஸ் மனச்சோர்வு என்னும் இருண்ட சுரங்கத்தின் ஆழத்தில்...

வேண்டாம். தங்கவயலுக்கு வந்து இதை எழுத வெட்கமாக இருந்தது. டைட்டஸே (என் டைட்டஸ், வீட்டுக்காரரின் பெயர் வேறு) என்னை நிறுத்தினார்.

“எங்கப்பா சொரங்க ஷாஃப்ட்ல எறங்கி ஏறித்தான் எங்கள வளத்தாரு சார். இருட்டுதான். ஆனா கூட நாலு பேர் இருந்தாங்க. ஷிஃப்ட் முடிஞ்சா மேல வந்துருவாங்க. அத்தயும் இத்தயும் ஒண்ணா சேக்காதீங்க.”

சேர்க்கவில்லை.

3

நேராகவே சொல்கிறேன். டைட்டஸுக்கு வயது நாற்பத்து மூன்று. பெங்களூரில் ஏசி மெக்கானிக். இருட்டோடு ரயிலேறி இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஒரு நாள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். ரயில் வந்தது, போனது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காலில் ஒன்றுமில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றிலிருந்து வீடுதான். சவரம் இல்லை, குளியல் இல்லை. ஜன்னலில், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடு பனியில் வெள்ளையாக மிதக்கும், அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி ரெபேக்கா அவரைக் கோலாருக்கு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டரம்மா அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

“இப்போதைக்கு மாத்திரை இல்லாம பாக்கலாம். தூக்கம் ரொம்பக் கெட்டாலோ, சாகணும்னு தோணுனாலோ உடனே வந்துருங்க. அப்போ மாத்திரை எழுதறேன், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அதுவரைக்கும் தினம் ஒரு சின்ன வேலை செய்யுங்க. செஞ்சத யார்கிட்டயாவது சொல்லுங்க.”

(இது மாத்திரைக்கு எதிரான கதை இல்லை. அப்படி நினைத்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

வேலைகூடச் செய்துவிடலாம். சொல்வதுதான் கஷ்டம். ரெபேக்கா காலையிலேயே பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுவார். இன்றைக்குக் குளித்தேன் என்று நாற்பத்து மூன்று வயது ஆண் யாரிடம் போய்ச் சொல்வது?

4

அடுத்த வீட்டில் மனோகர். சின்ன வயதிலிருந்து சிநேகிதர். ராத்திரி டியூட்டி செக்யூரிட்டி, பகலில்தான் தூக்கம். ஒரு நாள் டைட்டஸ் குளித்துவிட்டு வந்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார். மனோகர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“இன்னாடா, தூங்க உட மாட்டியா? இன்னாத்துக்குத் தட்டிகினே கீற?”

டைட்டஸ் தரையைப் பார்த்தார். “குளிச்சேன்.”

இங்கே மனோகர் அவரைக் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். மனோகர் அந்த மாதிரி ஆள் இல்லை. ஒரு கொட்டாவி விட்டார்.

“தட்டறதுன்னா ஒழுங்காத் தட்டு. ஆள் இருந்தா மூணு. மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மனோகரின் அப்பா சுரங்கத்துக்குள், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வாசலில் மணி அடித்தவர். கூண்டில் ஆள் ஏறினால் மூன்று மணி. மேலே இன்ஜின் அறையிலிருந்து அதே மூன்று திரும்பி வர வேண்டும். வராமல் கேஜ் நகராது. பையன்களாக இருந்தபோது இருவரும் இதே சுவரில் இதைத்தான் விளையாடினார்கள்.

அதற்குப் பிறகு குளித்தால் மூன்று. அரிசி களைந்து வைத்தால் மூன்று. ஒன்றுமே முடியாத நாளில், பாயிலிருந்து கையை மட்டும் தூக்கி மூன்று. மனோகர் தூக்கத்திலேயே பதில் தட்டுவார். ஒருநாளும் விசாரித்ததில்லை. டைட்டஸுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

5

டைட்டஸுக்குக் கனவு ஒன்று கொடுத்தேன். (அவர் கேட்கவில்லை.) கேஜ் மேலே வருகிறது. வாசலில் நிற்காமல் இன்னும் மேலே போகிறது. ஓட்டுக் கூரைகள், யூகலிப்டஸ் மரங்கள், வெள்ளை மண் மேடு எல்லாம் காலுக்குக் கீழே. உள்ளே அப்பா வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறார். எங்கே போகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும்...

எழுந்துவிட்டார். ஆனால் அன்று முகம் கொஞ்சம் தெளிவாக இருந்ததாக ரெபேக்கா சொன்னார்.

6

முடிவு ஒன்று: டைட்டஸ் குணமாகி ரயிலேறுகிறார், ரெபேக்கா கையசைக்கிறார். எழுதினேன். காலண்டர் படம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன். இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.

7

இன்று காலை. டைட்டஸ் குளித்தாயிற்று, சவரம் செய்தாயிற்று. பல மாதம் கழித்து கம்பெனிச் சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டார். அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது. டிபன் பாக்ஸ் கையில். சுவரில் மூன்று தட்டினார்.

பதில் இல்லை.

மனோகர் பூதிகோட்டையில் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், சொல்லாமல். அனுப்பியது நான்தான், கதைக்குத் தேவைப்பட்டது. இப்போது வருத்தமாக இருக்கிறது. உடனே திருப்பி அனுப்பலாமென்றால் பந்தி முடியாமல் வர மாட்டேன் என்கிறார்.

டைட்டஸ் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். மேல் பொத்தானில் கை போனது. கழற்றவில்லை. இன்னொரு முறை தட்டினார். மூன்று.

அந்தப் பக்கத்து வீட்டில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். பக்கத்தில் தட்டுவதற்கு மேஜையோ சுவரோ கட்டில் சட்டமோ எதுவாவது இருக்கும்.

டைட்டஸ் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.