கரீனுக்கு ஒரு பூசை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் க்சாவியே. உழவர்கரையில் என் பக்கத்து வீட்டுக்காரர். பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறவர். கத்தோலிக்க விசுவாசத்தை யார் கேள்வி கேட்டாலும் வேதத்தைப் புரட்டிப் பதில் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு அந்த விசுவாசம் இல்லை. அவரை வாதத்தில் தோற்கடிக்கிற கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘மதம் மனிதர்களைப் பிரிக்கிறது என்பதற்கு அந்த அண்ணன் தம்பியே...’ (விட்டுவிட்டேன். கட்டுரை வாடை.)

2

க்சாவியேவின் தம்பி ஃப்ளோரான் பல வருடங்களுக்கு முன்பே கோயிலை விட்டு ஒரு ஜெபசபைக்குப் போனவர். இருவருக்கும் சண்டை ஒன்றுதான்: செத்தவர்களுக்காக வேண்டலாமா?

“செத்ததோட முடிஞ்சுது. அப்பறம் பூசை எதுக்கு?” என்பார் தம்பி. அண்ணன் கத்தோலிக்க வேதத்தில் இருக்கும் மக்கபேயர் ஆகமத்தைக் காட்டுவார். “அது எங்க பைபிள்லயே இல்ல” என்பார் தம்பி. அம்மாவின் நினைவுப் பூசைக்குக்கூட அவர் வரவில்லை.

3

போன மழைக்காலத்தில் ஃப்ளோரானின் மகள் கரீன் பிள்ளைச்சாவடி அருகே லாரி மோதி ஸ்கூட்டரோடு விழுந்து இறந்தாள். (மோதிய லாரியின் நிறத்தைக்கூட எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) சபைக்குப் போவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். அடக்கத்தில் பாஸ்டர், ஆயத்தமில்லாமல் போகிறவர்களுக்கு மோட்சம் இல்லை என்று பேசினார்.

மறுவாரம் ஃப்ளோரான் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, செத்தவங்களுக்கு வேண்டிக்கலாம்னு சொல்லுவியே. அது நெசமா?”

“ஒக்காருடா.”

“ஆறுதலுக்குச் சொல்லாத. பொய்னா பொய்னு சொல்லிடு. தாங்கிக்கறேன்.”

இந்த இடத்தில் க்சாவியேவை அழவைத்துப் பார்த்தேன். வாதத்தை மறக்கவைத்தும் பார்த்தேன். இரண்டும் என் ஆசை. நடந்தது வேறு. அவர் வேதத்தை எடுத்தார்.

“போர்ல பாவத்தோட செத்த வீரனுங்களுக்காக எருசலேம்ல பலி குடுக்க ஏற்பாடு பண்ணாரு யூதா மக்கபே. ஒங்க பைபிள்ல இல்ல, சரி. பவுல் இருக்காரே. ஒருத்தன் கட்டுனது எரிஞ்சுபோனாலும், நெருப்புல தப்புனவன் மாதிரி அவன் பொழைப்பான்னு சொல்றாரு. ஆதி கிறிஸ்தவங்க தங்க கல்லறையில ‘படிக்கறவங்க எங்களுக்காக வேண்டிக்கங்க’ன்னு செதுக்கி வெச்சாங்க. நானா கண்டுபிடிச்சது இல்லடா.”

“அவ நம்பலையே, அண்ணே.”

“கடைசி நிமிஷத்துல அவ மனசுல என்னா இருந்துச்சின்னு ஒனக்குத் தெரியுமா? பாஸ்டருக்குத் தெரியுமா? தெரியாதப்போ தீர்ப்பு சொல்றது ஞாயம் இல்ல. வேண்டிக்கறதுதான் ஞாயம்.”

“அப்போ அவ பொழைச்சிட்டாளா?”

“அது எனக்குத் தெரியாது.”*

ஃப்ளோரான் எழுந்தார். “நான் கோயிலுக்கு வரமாட்டேன். நீ பூசை வெச்சிடு. அவ பேரச் சொல்லச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

[* ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.]

4

காலைப் பூசையில் பங்குச் சாமியார் கரீனின் பெயரை வாசித்தார். ஒரு வரைவில் ஃப்ளோரான் கோயில் வாசலில், உள்ளே வராமல் நிற்கிறார். இன்னொன்றில் மகளின் அறையில் படுத்துக் கிடக்கிறார். எது உண்மை என்று க்சாவியேவிடமே கேட்டேன்.

“நான் திரும்பிப் பாக்கல” என்றார். “பாத்து, அவன் இல்லன்னா, அதுக்கப்பறம் என்னால வேண்டியிருக்க முடியாது.”

வாசலில் ஆள் நிற்கிறாரா என்று நீங்கள் வேண்டுமானால் திரும்பிப் பாருங்கள்.