பறவை பதில் சொல்லும் வரை

லெவி ஹாஸ்கலின் தாடியில் ஒரு குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பி வைத்தது. எங்கள் வெஸ்ட் ஆர்டனில் இதை நம்பாதவர்கள் கிடையாது. நம்பாதவர்களுக்கு நான் மரத்துப்போகும் ஊசி போடாமல் பல் பிடுங்கியிருக்கிறேன். இந்த ஊரின் ஒவ்வொரு வாய்க்குள்ளும் நாற்பது வருஷம் கையை விட்டவன் நான். இப்போது ஓய்வு. அதனால் உண்மையை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் சொல்லலாம்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஹாஸ்கலைவிட நீளமாக எழுதிய கவிஞர் கிடைக்க மாட்டார். நன்றாக எழுதியவர்கள் கிடைப்பார்கள். அது வேறு விஷயம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, உலகமே பீரங்கியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஓடைக்கரையில் உட்கார்ந்து பறவைகளைப் பற்றி ஒரு காவியம் எழுதினார். எங்கள் மலையில் பறக்கிற ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டு. வௌவாலையும் பறவை என்று நினைத்து அதற்கு மூன்று. பாஸ்டன்காரர்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததில் இரண்டு பேர் இறந்தே போனார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடியதும், அவர் உட்கார்ந்து எழுதிய தோப்பை ஊர்ப்பணத்தில் வாங்கி அவர் பெயரை வைத்தோம். சிலை வைக்கவில்லை. மரங்களே போதும் என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் ஹெம்லாக் மரங்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். ஹாஸ்கல் பிறப்பதற்கு முன்பே வளர்ந்து முடித்தவை. உள்ளே நுழைந்தால் பட்டப்பகலிலும் அந்திநேரம்தான். ஜூலை வெயிலில்கூட ஓடைத்தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டித்துப்போகும். என் தொழிலுக்கு அந்த ஓடை நிறைய உதவியிருக்கிறது.

மே மாதம் கவிஞரின் பிறந்தநாள். அன்று ஊரே தோப்பில் கூடிக் காவியத்தை வாசிக்கும். அதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பாட்டை முடித்ததும் வாசிப்பவர் நிறுத்த வேண்டும். தோப்புக்குள் ஏதாவது ஒரு பறவை பதில் குரல் கொடுத்தால்தான் அடுத்த பாட்டு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஒரு வருஷம் மூன்றாம் பாட்டுக்குப் பதிலே வரவில்லை. ரொட்டி காய்ந்தது, காபி ஆறியது, பாதிரியார் குறட்டை விட்டார். பின்வரிசையில் ஒரு ஜோடி சந்தித்து, காதலித்து, சண்டை போட்டுப் பிரிந்தும் போனது. பறவை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவள் லுவெல்லா பீஸ்லி. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். முதல் நாளே என் முன்பல்லை உடைத்தவள். ஹாஸ்கல் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. உறுப்பினர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது, ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அவள் கணவன் ராய்ஸ் போனான். ஒரே மகன் போனான். அதற்குப் பிறகு வளர்த்த நாய்களும் ஒவ்வொன்றாகப் போயின. அவள் அழுது நான் பார்த்ததில்லை. தோப்புக்குள் நிற்கும்போது மட்டும் சொல்வாள்: "எனக்கு முன்னாடி போகாம இருக்கிறது இது ஒண்ணுதான்டா, வின். நான் போனதுக்கப்புறமும் இது நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவள் கண்டுபிடித்த வழி எளிது. பனி உருகத் தொடங்கியதும் மரத்துக்கு மரம் ஒரு தீனிப்பெட்டி மாட்டி, அதில் சூரியகாந்தி விதையை நிரப்பினாள். கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடிக் குருவிகள் மாவட்டம் மாவட்டமாக வந்து இறங்கின. அந்த வருஷம் காபி ஆறுவதற்குள் காவியம் முடிந்துவிட்டது. சில பாட்டுகளுக்கு, பாதியிலேயே பதில் வந்தது. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பெட்டிகள் மார்ச்சில் ஏறும், கோடை முழுக்கத் தொங்கும்.

ஒரு பிப்ரவரி மாதம் அவள் ஒரு கிளையோடு என் சமையலறைக்குள் நுழைந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"இதப் பாரு. ஒரு வாரமா வெயில் அடிக்குது, இலைக்கு அடியில இருக்கிற பனி மட்டும் உருகல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். "பனி இல்லடி. பஞ்சு."

"மரத்துல எப்படிடா பஞ்சு வரும்? ஹாஸ்கல் தலகாணி கிழிஞ்சிடுச்சா?"

சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாக ஒழுங்காகச் சிரித்தது.

அது பூச்சி. மிளகுத்தூளைவிடச் சின்னது. மேலே வெள்ளைக் கம்பளி போர்த்திக்கொண்டு இலைக்காம்பில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். தெற்கே மாநிலம் மாநிலமாகக் காடுகளைத் தின்றுவிட்டு மேலே ஏறி வந்திருந்தது. நாங்கள் இருவரும் சோப்புத்தண்ணீர் கரைத்து, ஏணி போட்டு, கிளை கிளையாகக் கழுவினோம். எழுபது தாண்டிய இரண்டு கிழங்கள், ஆளுக்கொரு வாளி. நான் ஏணியிலிருந்து பதினொரு முறை விழுந்தேன். ஒரு முறை மேல்நோக்கி விழுந்தேன் என்றுகூடச் சொல்வேன். ஏணி எட்டிய உயரத்துக்கு மேலே இன்னும் மூன்று ஏணி உயரத்துக்கு மரம் இருந்தது. அடுத்த வருஷம் தோப்புக்குள் வெளிச்சம் விழுந்தது. அதற்கடுத்த வருஷம் உச்சிகள் சாம்பல் நிறத்துக்குப் போயின.

மாநில வனத்துறைக்கு லுவெல்லா ஓயாமல் போன் செய்ததில், கடைசியில் அவர்கள் ஆர்மண்ட் கோட்டே என்ற இளைஞரை அனுப்பினார்கள். அமைதியான பிள்ளை. பிப்ரவரி முழுக்க வெயிலாக இருந்ததால் லுவெல்லா அந்த வருஷம் பெட்டிகளைச் சீக்கிரமே ஏற்றியிருந்தாள். அவள் காபி எடுத்துவரக் காருக்குப் போனதும், ஆர்மண்ட் கழுத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சார், இந்தப் பெட்டியெல்லாம் யார் மாட்டுறது?"

"ஊர்தான். ஏன்?"

"கோடையிலயும் இருக்குமா?"

"இருக்கும். பறவை வரணும்ல?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்த நேரத்துலதான் இந்தப் பூச்சியோட குஞ்சுங்க வெளிய ஊர்ந்து வரும். அதுங்களுக்கு றெக்கை கிடையாது சார். குருவி கால்ல ஒட்டிக்கிட்டுதான் மரத்துக்கு மரம் போகும். அதனாலதான் ஹெம்லாக் பக்கத்துல கோடையில தீனி வைக்காதீங்கன்னு நாங்க ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு இருக்கோம். இங்க எப்படியும் ஒருநாள் வந்திருக்கும். ஆனா இத்தனை சீக்கிரமா, ஒரு மரம் பாக்கி இல்லாம..." தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "விருந்து வச்சுக் கூப்பிட்டிருக்கீங்க."

"அவகிட்ட சொல்லாதப்பா."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்."

லுவெல்லா பிளாஸ்க்கோடு வந்தாள். "என்ன ரெண்டு பேரும் சவப்பெட்டி தூக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? எப்படி வந்துச்சாம் இது?"

"காத்துல," என்றேன்.

"காத்துலயா?"

"ஆமா. காத்துல வந்திருக்கும்கிறார்."

அவள் காபியை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீ பொய் சொன்னா வர்ஜீனியாவுல புயல் கிளம்பும். பூச்சியெல்லாம் டிக்கெட் எடுக்காம ரயிலேறும். வெறும் காத்துன்னு ஒரு வார்த்தையில நிறுத்துற ஆளா நீ?" பிறகு ஆர்மண்டின் பக்கம் திரும்பினாள். "தம்பி, இவன் எதை மறைக்கிறான்?"

அவர் சொன்னார். மெதுவாக, எதையும் விடாமல் சொன்னார். முடிந்ததும் கோப்பையை என்னிடம் நீட்டினாள். "சர்க்கரை போதுமா பாரு," என்றாள்.

"மருந்து எதுவும் இல்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஓடைக்கரையில போட முடியாது, தண்ணியில கலந்துடும். மேட்டுல இருக்கிற மரத்துக்குப் போடலாம். ஆனா மருந்தை உறிஞ்சி மேல ஏத்துற தெம்பு அதுங்களுக்கு இல்ல. இந்தப் பெட்டியெல்லாம் இன்னிக்கே இறக்கிட்டு, தோப்பை வெட்டி எடுத்தீங்கன்னா, பின்னாடி மலையில இருக்கிற ஹெம்லாக்குக்குப் பரவுறது கொஞ்சம் தாமதமாகும். கொஞ்சம்தான். ஆசை காட்ட மாட்டேன்."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளையும் இறக்கினோம். கடைசிப் பெட்டியில் இருந்த விதையை ஓடையில் கொட்டிவிட்டு, "மலையாவது நிக்கட்டும்," என்றாள். அவ்வளவுதான்.

மார்ச்சில் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டுக்கூடத்தில் எல்லோரும் வாக்கு அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சேறு, உள்ளே மதிய விருந்துக்கு வேகும் பீன்ஸ் வாசனை. கூட்டத்தலைவர் டெல்மர் குவிம்பி. அவருடைய கீழ்த்தாடைப் பல்செட்டே நான் கட்டிக்கொடுத்ததுதான். அது இல்லாவிட்டால் அவர் எங்களை இவ்வளவு அதட்ட முடியாது. தோப்பை வெட்டலாமா என்ற விஷயம் வந்ததும் லுவெல்லா எழுந்தாள்.

"வெட்டணும். இந்த மாசமே. காரணம் சொல்றேன். அந்த மரங்களைக் கொன்னது நான். என் தீனிப்பெட்டி. இந்தத் தம்பி வனத்துறை. அவரே விளக்கட்டும்."

வெளியூர்க்காரர் எங்கள் கூட்டத்தில் பேச வேண்டுமானால் ஊர் சம்மதிக்க வேண்டும். டெல்மர் சம்மதம் கேட்டார். பிரார்த்தனைக் குழுவின் கோரா ஸ்லீப்பர் எழுந்தாள்.

"வேணாம் டெல்மர். எதுக்கு? லுவெல்லா மனசு ஏற்கெனவே நொந்து கெடக்கு. அரசாங்க ஆள் வந்து அவ முகத்துக்கு நேரா சொல்லணுமா?"

"கோரா, நான்தானே பேசச் சொல்றேன்!" என்றாள் லுவெல்லா.

"நீ சொல்லுவ கண்ணு. உன் குணம் எங்களுக்குத் தெரியாதா?"

கூடம் முழுக்க 'வேண்டாம்' என்று அட்டைகள் உயர்ந்தன. ஆர்மண்ட் பீன்ஸ் தட்டோடு கதவோரம் நின்றிருந்தார்.

பின்வரிசையிலிருந்து மரம் அறுக்கும் இரா டஸ்டின், அந்த வேலை கிடைத்தால் ஆதாயம் அடையக்கூடிய ஒரே ஆள், தொப்பியைப் பிசைந்துகொண்டு எழுந்தான். "குருவிக்குச் சோறு போட்டது குத்தம்னா, நாம எல்லாருமே குத்தவாளிதான். என் புள்ளைங்களும் பெட்டி மாட்டியிருக்காங்க. நான் ஒரு திருத்தம் கொண்டு வரேன். லுவெல்லா அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் அந்தத் தோப்புல ஒரு ரம்பமும் படக்கூடாது."

கைதட்டலில் கூரைத்தகரம் மூன்று மைல் தள்ளிப் போய் விழுந்தது. அட்டைகள் எழுந்தன, ஒரே நிறமாக, எங்கள் இருவரையும் தவிர. பலர் அழுதுகொண்டே வாக்களித்தார்கள். கூட்டம் முடிந்து ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் என்னை நம்பல, வின்."

"நம்பிட்டாங்க லுவெல்லா. மன்னிச்சும் விட்டாங்க. இனி உன்னால என்ன பண்ண முடியும்?"

மே மாதத்துக்குள் ஒரு பெருங்கிளை முறிந்து விழுந்தது. ஊர் தோப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே போகக்கூடாது என்று பலகை மாட்டியது. ஒரு ரம்பமும் படாமல் மரங்கள் நின்றபடியே செத்தன. வாசிப்பு தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போனது; யாரோ செல்போனில் பறவைச் சத்தம் போட்டார்கள். ஜூலையில் லுவெல்லா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்மலையில் ஏறி, முதல் ஹெம்லாக்கின் கிளையைத் திருப்பிக் காட்டினாள். அதன் அடியிலும் வெள்ளை. ஆர்மண்டுக்குப் போன் செய்தேன். வெட்டியிருந்தாலும் இன்னும் சில வருஷம்தான் கிடைத்திருக்கும் என்றார். அந்தச் சில வருஷத்தில், மலை நிற்பதைப் பார்த்தபடியே அவள் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை.

இப்போது தோப்புக்குள் நிழலே இல்லை. ஓடை வெதுவெதுப்பாக ஓடுகிறது. வெயில் பட்ட மண்ணில் பிர்ச் மரக்கன்றுகள் புல் மாதிரி முளைத்து நிற்கின்றன. ஹெம்லாக் கன்று நிழலில்தான் பிழைக்கும்; அங்கங்கே ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது, அதன் கழுத்திலும் பஞ்சு. லுவெல்லா தினமும் காலையில் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், அந்தக் கன்றுகளைச் சுற்றிப் பிர்ச்சைப் பிடுங்குகிறாள். வாளி நான் பிடிக்கிறேன். மேலே காய்ந்த கிளைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன.

நேற்று கேட்டேன். "இதனால ஏதாவது ஆகும்னு நெனைக்கிறியா?"

"ஆகாது."

"அப்ப எதுக்குடி?"

அவள் முழங்காலை ஊன்றி அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள். "அந்தப் பக்கம் இன்னும் நெறைய இருக்கு," என்றாள். "வாளியைக் கொட்டிட்டு வா."